'சி' என்றால் எந்த இடத்தில் தப்பு?

பிள்ளைகளின் பெயரும் 'ஏ', 'பி', 'சி' என்ற கிரேடும் உள்ள பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். பள்ளிகளில் கிரேடே வேண்டாம் என்று வியாழக்கிழமை நான் எழுதியதையும், அதன் கீழே நடந்த வாக்குவாதத்தையும் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி கிளறும் எண்ணமில்லை. ஆனால் "உங்கள் பெண்ணுக்கு 'ஏ' வந்திருந்தால் இப்படி எழுதுவீர்களா?" என்று ஒருவர் கேட்டார். நாற்பது பேர் அதற்கு விருப்பக்குறி இட்டார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுதியிருப்பேன். மூத்தவன் வரிசையாக 'ஏ' வாங்கிய ஆண்டுகளிலும் இதையேதான் சொன்னேன், பழைய பதிவுகளைப் பாருங்கள். பள்ளிகள் இந்த எழுத்துகளை விட்டொழிக்க வேண்டும். அவை குழந்தைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

எறும்புகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனாள் என் பெண். சிவப்பு மையில் ஒரு 'சி'யோடு நோட்டு திரும்பி வந்தது. வேறு ஒரு கோடுகூட இல்லை. "அம்மா, 'சி' என்றால் எந்த இடத்தில் தப்பு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த எழுத்துக்கும் தெரியாது.

எனக்குக் கணக்கு சொல்லித்தந்த டீச்சர் ஒருமுறை என் விடைக்குப் பக்கத்தில் எழுதினார்: "மூன்றாம் வரியில் கழித்தல் குறி விட்டுப்போயிற்று. மற்றதெல்லாம் சரி." இன்றும் எந்தக் கணக்கு போட்டாலும் முதலில் குறியைத்தான் பார்க்கிறேன். அந்த ஆண்டு எனக்கு என்ன கிரேடு வந்தது என்பது நினைவில்லை.

கிரேடு இருந்தால்தான் நடுநிலை என்கிறீர்கள். 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 100-க்குப் போட்ட மதிப்பெண்களில் 30-க்கு மேல் வித்தியாசம். அடுத்து அனுப்பிய கணக்குத் தாளில் வித்தியாசம் இன்னும் கூடியது. இதுதான் அந்த நடுநிலை.

"கருத்தையும் எழுதட்டும், கிரேடையும் போடட்டும்" என்று சமாதானம் பேசுபவர்களுக்கு: ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளிகளில் இதைச் சோதித்து 1988-இல் வெளியிட்டார். கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. எழுத்தைப் பார்த்த கண் அதற்குக் கீழே இறங்குவதில்லை.

ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகள் இருக்கும்போது ஆசிரியர் எப்படி ஒவ்வொருவருக்கும் எழுதுவார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. எல்லா வேலைக்கும் எழுத வேண்டாம். மாதத்துக்கு ஒரு கட்டுரைக்கு இரண்டு வரி போதும். ஆசிரியர்களைக் குறை சொல்லவே நான் வரவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு என்ன செய்வது என்றால், அதைக் கடைசி வகுப்புகளில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது வயதுக் குழந்தை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள்?

"உலகமே போட்டிதான், பழகட்டும்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போன குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தோழியின் அம்மாவும் இதைப் பார்த்திருப்பார்களா என்று என் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களுக்கு ஆறுதலாக ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. நாற்பது விருப்பக்குறிகள் மட்டும் அங்கே விழுந்தன.

திங்கட்கிழமைக்கு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும், தலைப்பு மழை. நேற்றிரவு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "எத்தனை வரி எழுதினால் 'பி' வரும்?"