14 இலக்க எண் இருந்தால் சர்க்கரை குணமாகுமா?

"இந்தப் பொடியை அரசே பரிசோதித்து அங்கீகரித்திருக்கிறது, டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது பாருங்கள், சர்க்கரை நோய் அடியோடு போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. டப்பாவின் படமும் கூடவே வருகிறது. எண் உண்மையாகவே இருக்கலாம். அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தவறு.

எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம். டப்பாவில் உள்ள அந்த 14 இலக்க எண், உணவு தயாரிக்கவோ விற்கவோ நிறுவனத்துக்குத் தரப்படும் உரிமம் அல்லது பதிவு. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. முறுக்கு பாக்கெட்டிலும் கடலை மிட்டாயிலும் இதே மாதிரி எண்தான் இருக்கிறது. முறுக்கு சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று யாரும் சொல்வதில்லையே! இந்த எண் இருப்பதால், அந்தப் பொடி நோயைத் தீர்க்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததாக ஆகாது.

சரி, அது மருந்தே என்றால்? சித்த, ஆயுர்வேத மருந்தானாலும் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் தயாரிப்பு உரிமம் வேண்டும். அந்த மருந்து உரிம எண் வேறு. உரிமம் இருந்தாலும் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய, ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

இன்னொன்று. சத்து மாத்திரை, பொடி டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப் படத்தில் டப்பாவின் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது.

எண் யாருடையது என்று எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் தேடலாம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். பொடியை நம்பி, மருத்துவர் தந்த சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.