யாரு எதிர்பாக்குறது?

போன வாரம் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழிக்க உட்கார்ந்தேன். அடியில் விரித்திருந்த பழைய நாளிதழ் மஞ்சளாகி, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. சேலைகளை ஓரம் தள்ளிவிட்டு அதைப் படிக்க ஆரம்பித்தேன். பெட்டி வேலை அத்தோடு சரி.

அரைப் பக்கத்துக்குள் நாலு ‘எதிர்பார்க்கப்படுகிறது’. மழை, நிவாரணம், அமைச்சர் வருகை, இன்னொரு முறை நிவாரணம். சத்தமாகப் படித்தேன். முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, “யாருய்யா எதிர்பாக்குறது?” என்றது.

அதுதானே! அந்தச் சொல்லில் ஆளே கிடையாது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை ‘விரைவில் எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதைப் படித்தே காலத்தை ஓட்டினோம். மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நின்ற சனம் அந்த வாக்கியத்துக்குள் எங்கே நிற்கும்?

ஆள் வந்தால் உடனே கண்ணீரும் வந்துவிடும். படகு கரை திரும்பவில்லை என்றால் ஒரு பெண்ணைக் கடற்கரையில் நிறுத்தி, ‘வழிமேல் விழி வைத்து’ என்று எழுதிவிடுவார்கள். கடலில் ஏதப்பா வழி? எங்கள் பக்கம் காற்றைப் பார்ப்பார்கள், நீரோட்டத்தைப் பார்ப்பார்கள், பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அழுவதும் உண்டுதான். ஆனால் அது மட்டுமா?

எனக்குள்ள குறையே இதுதான். காத்திருப்பதை ஒன்றும் செய்யாமல் இருப்பதாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ‘மீனவர்கள் வீட்டில் முடக்கம்’ என்று போடுவார்கள். வந்து பாருங்கள். விசைப்படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலை பொத்தி, அதற்கெல்லாம் வட்டிக்கு வாங்கி, மனுசனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலும் அப்படித்தான். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை’ என்று ஒரு வரியில் முடிப்பார்கள். படகுகள் ஒன்றோடொன்று மோதாமல் கட்டி, ராவெல்லாம் கயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடப்பது யார்? காத்திரு என்ற சொல்லிலேயே காவல் இருக்கிறதே.

புயலில் கடல் கொண்டுபோன தனுஷ்கோடி ரயில் பற்றிய எழுத்தில் மட்டும் ஒரு வரி எனக்குப் பிடிக்கும். 1964 டிசம்பர் 22 இரவு, சிக்னல் கிடைக்காமல் ஊருக்கு வெளியே ரயில் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் விசில் ஊதிவிட்டுக் கிளம்பியது என்பார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் யாரும் அடைமொழி சேர்ப்பதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் போதும், வயிற்றைப் பிசைய.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அந்தத் தாளின் மூலையில் நாட்டுப்படகில் போன மூன்று பேரைக் காணவில்லை என்று ஒரு செய்தி. பாதியில் ‘தொடர்ச்சி 6-ம் பக்கம்’. பெட்டி முழுக்கத் துழாவினேன். ஆறாம் பக்கம் இல்லை, தேதி இருந்த மூலையும் கிழிந்திருந்தது.

“அப்பத்தா, இவங்க வந்துட்டாங்களா?”

“வந்திருப்பாக” என்றது அப்பத்தா, கருவாட்டிலிருந்து தலையைத் தூக்காமல். கொஞ்ச நேரம் கழித்து, “அவுக எந்த ஊராம்?” என்று கேட்டது.