கூலிமில் சிப் ஆலை வந்தது 2024-லா?

நம் தோட்டத்துப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கூலிமுக்கு முதல் சிப் ஆலை 2024-இல்தான் வந்தது. அதுவரை அங்கே வெறும் பால்மரக் காடு." இது தவறு.

கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பார்க் திறக்கப்பட்டது 1996-இல். உயர் தொழில்நுட்பத்துக்கென்றே மலேசியாவில் அமைந்த முதல் தொழிற்பேட்டை அது. சில்டெரா நிறுவனம் அங்கே வேஃபர் ஆலை, அதாவது மெல்லிய சிலிக்கன் தகடுகளில் சிப் உருவாக்கும் ஆலை, நடத்தத் தொடங்கியதும் 2024-க்கு வெகு காலம் முன்புதான். 2006-இல் ஜெர்மனியின் இன்ஃபினியான் தன் ஆலையைத் திறந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே போதும்.

சரி, 2024 எங்கிருந்து வந்தது? அந்த ஆகஸ்டில் இன்ஃபினியான் கூலிமில் இன்னோர் ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. அங்கே உருவாவது சிலிக்கன் கார்பைடு சிப். வழக்கமான சிலிக்கனைவிட அதிக மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும். மின்சாரக் கார், சூரிய மின்சாரக் கருவி போன்றவற்றுக்குத் தேவைப்படுவது. திறப்பு விழா உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'புதிய ஆலை' என்பது கைமாறிக் கைமாறி 'முதல் ஆலை' ஆகிவிட்டது.

பால்மரக் கதையிலும் பாதி உண்மை உண்டு. கூலிம் வட்டாரம் ஒரு காலத்தில் தோட்டப் பூமிதான். 2024 வரை அல்ல.