துத்தநாகத் தூள் போட்டால் 24 காரட் தங்கம் வராது

“ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்த பழைய நகைக்குத் துத்தநாகத் தூள் போடுங்கள், சுத்தத் தங்கம் மட்டும் அடியில் படியும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

துத்தநாகத்துக்குத் தங்கம், செம்பு என்ற பேதம் கிடையாது. கரைசலில் உள்ள செம்பு, பல்லேடியம் எல்லாவற்றையும் சேர்த்தே கீழே தள்ளும். கிடைப்பது கறுத்த கலப்புத் தூள். அமிலத்தில் துத்தநாகம் பட்டால் ஹைட்ரஜனும் கிளம்பும், பக்கத்தில் பர்னர் எரிந்தால் தீப்பிடிக்கும். சயனைடு கரைசலிலிருந்து தங்கம் எடுக்கும் ஆலைகளில் துத்தநாகம் உண்டுதான். ஆனால் அங்கேயும் அந்தப் படிவை மறுபடி சுத்திகரிக்கிறார்கள்.

தங்கத்தை மட்டும் பிரிக்க ஏற்றவை அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட்) சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும். 1 கிராம் தங்கத்துக்குக் கணக்குப்படி அன்னபேதி 4.2 கிராம், மெட்டாபைசல்ஃபைட் 0.72 கிராம். நடைமுறையில் சற்றுக் கூடவே பிடிக்கும். அதற்கு முன் வெள்ளி குளோரைடை (நகையிலுள்ள வெள்ளி மாறிய வெண்படிவு) வடிகட்டி, மிச்ச நைட்ரிக்கை சல்ஃபாமிக் ஆசிட்டால் போக்க வேண்டும். நைட்ரிக் மிஞ்சினால் விழுந்த தங்கம் திரும்பக் கரையும். பலர் இந்த இரண்டு ரசாயனங்களைக் குறை சொல்வது இதனால்தான். முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுக் கரைசலில் ஸ்டானஸ் குளோரைடு விடுங்கள். ஊதா நிறம் வந்தால் தங்கம் இன்னும் கரைசலில் இருக்கிறது.

வேதியியல் பாடநூலின் மின்வேதி வரிசையில் துத்தநாகம் −0.76, செம்பு +0.34 வோல்ட் என்று இருப்பதை யாரும் சரிபார்க்கலாம். எண் குறைவான உலோகம் எண் கூடிய உலோகத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும், அதனால்தான் துத்தநாகம் செம்பையும் விடுவதில்லை. அந்தச் செய்தியைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். மூடிய அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும்.