கணக்கு வரட்டும், அப்புறம் காசு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: “அவனுக்குக் கூட்டல் கழித்தலே வரல, கையில எதுக்குங்க காசு?” எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கடையில் பொருள் வாங்கக் கழித்தல் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

என் மகளுக்கு 15 வயது. சென்னை ஆதம்பாக்கத்தில் இருக்கிறோம். கணக்கு நோட்டில் இரண்டிலக்கக் கழித்தல் அவளுக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் தெருமுனை அண்ணாச்சி கடைக்குத் தனியாகப் போய் வாங்கி வருவாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. விலை 37 என்றால் முன்னால் இருக்கும் 3-ஐப் பார்த்து மூன்று பத்து ரூபாய் நோட்டு எடுப்பாள், கூட ஒன்று வைப்பாள். அவ்வளவுதான். விலை சரியாக 40 என்றாலும் ஐந்து நோட்டு நீட்டுவாள், ஒன்று திரும்பி வந்துவிடும். சிறப்புக் கல்வியில் பல காலமாக இருக்கும் முறைதான் இது. ஆனாலும் நம் பிள்ளைகளை ஒர்க்‌ஷீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறோம்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது அதற்கு முந்தைய கட்டம், நோட்டை அடையாளம் காண்பது. புது நூறு இளம் ஊதா. பழைய நூறு நீலப் பச்சை. புது ஐம்பதும் நீலம். எல்லாம் கலந்துதான் புழங்குகின்றன. நிறத்தை வைத்து மனதில் பதித்துக்கொண்ட பிள்ளைக்குப் பழைய நூறு நூறே இல்லை. அதனால் நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். இரண்டு வகை நோட்டும் வீட்டில் இருக்கட்டும். விளையாட்டுக் காசு வேண்டவே வேண்டாம். அதில் கற்றதை நிஜ நோட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் மீதி ஒரு ரூபாய்க்குப் பதிலாகக் கடையில் மிட்டாய் கொடுத்தார்கள். நமக்கெல்லாம் இது பழகிப்போன விஷயம். அவளுக்கு மீதி என்றால் காசு. கையை நீட்டியபடி “மீதி, மீதி” என்று அசையாமல் நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். “புள்ளைய வாங்கிக்கச் சொல்லும்மா” என்றார் ஒருவர். நான் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம். இன்றைக்கு மிட்டாயோடு போகச் சொன்னால், நாளைக்கு யாராவது ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டாலும் பேசாமல் வந்துவிடுவாள். சில்லறை இல்லாவிட்டால் “நாளை 1 ரூபாய்” என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது அப்படித்தான் செய்கிறார். மறுநாள் அவள் சீட்டோடு போய் நிற்பாள்.

பழக்குவதற்கு இடம் தேடுபவர்கள் அம்மா உணவகத்துக்குக் கூட்டிப்போங்கள். இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3, சாம்பார் சாதம் 5. 2013-ல் வைத்த விலை. முதலில் டோக்கன், பிறகு சாப்பாடு. மாறாத விலையும் மாறாத வரிசையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், அந்தக் காசு பிள்ளையின் காசாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பால் வாங்கி வருவது எடுபிடி வேலை. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் 50 ரூபாயை என் மகள் ஸ்டிக்கருக்கே செலவழிப்பாள். செலவழிக்கட்டும். புதன்கிழமை வந்து கேட்டால் தேதி காலண்டரில் அடுத்த ஞாயிறைக் காட்டுவேன். அழுவாள். சேர்த்து வைப்பது என்ன என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது அந்தப் புதன்கிழமைகளில்தான்.

ஜிபே வந்தபின் பிள்ளைகளின் கண்ணுக்குக் காசே தெரிவதில்லை. ஸ்கேன் செய்கிறோம், பொருள் வருகிறது. அதனால் ரொக்கத்தில் நன்றாகப் பழகிய பிறகே போனுக்குப் போகலாம் என்பது என் கருத்து. அப்போது யூபிஐ சர்க்கிள் உதவும். 2024-ல் வந்தது. பிள்ளை தன் போனில் செலுத்தினாலும் பணம் நம் கணக்கிலிருந்து போகும், ஒவ்வொரு தடவையும் நாம் ஒப்புதல் கொடுப்பது போல வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் ஒரு விதியை மனப்பாடமாக்குங்கள்: நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதே இல்லை. கேட்டால் போனை வை. விதி என்று சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் நம்மைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

வங்கி விஷயமும் சொல்ல வேண்டும். 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரம்பை அந்தந்த வங்கி முடிவு செய்யும். நாங்கள் போன வங்கியிலோ, “இவங்களுக்கு எதுக்கு மேடம், உங்க பேர்லயே இருக்கட்டுமே” என்றார்கள், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தங்கள் பண விவகாரங்களைத் தாங்களே கவனிக்கும் உரிமை அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே உண்டு என்கிறது. 18 ஆனவுடன் யோசிக்காமல், பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்கும் கார்டியன் சான்றிதழுக்கு ஓடுபவர்கள் அந்தப் பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சிலருக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும். எல்லாருக்கும் தேவைப்படாது.

ஸ்பெஷல் ஸ்கூல் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு கணக்கு பீரியடையாவது கடைக்கு ஒதுக்குங்கள். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.