சம்பளக்காரி எழுதும் நாவல்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் நாவல் எழுதப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் எங்கள் மதுரையில் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை?" இன்னொன்று, "நல்லது, உங்ககிட்ட எவ்வளவு அனுபவம் இருக்கும்!" முதல் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவதுதான்.

அனுபவம் தானாக நாவல் ஆகாது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முன்பு நோட்டு, இப்போது கம்ப்யூட்டரில் டேலி என்கிற கணக்கு மென்பொருள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே நாற்காலி. அந்த மண்டியை வைத்து ஒரு அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் தும்மலைத் தவிர ஒன்றும் வரவில்லை. தினமும் கண்ணில் படுகிற பொருள் கண்ணில் நிற்பதில்லை போல. பிறகுதான் எங்கள் தரகர் அண்ணனை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். முண்டு வத்தல் (குண்டு மிளகாய்) மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதில் நாலு காயை எடுப்பார். காதோரம் வைத்துக் குலுக்குவார். விதை கலகலவென்றால் காய்ச்சல் சரி. சத்தம் அமுங்கினால் ஈரம். ஒன்றைக் கிள்ளி மோந்து பார்ப்பார். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. ஏனென்றால் சரக்குக் கொண்டுவந்த சம்சாரி, அதாவது விவசாயி, எதிரே நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போடுகிற பில்லில் எடை உண்டு, விலை உண்டு. அந்த சம்சாரி எச்சிலை விழுங்கிக்கொள்வது அதில் இல்லை. அதை எழுத அனுபவம் உதவவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி வேடிக்கை பார்த்ததுதான் உதவியது.

அப்படியானால் நடுவயதுக்காரருக்கு என்னதான் சாதகம்? சம்பளம். மாதம் பிறந்தால் கைக்கு வரும். நாவலை நம்பி உலை வைக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் இலக்கியக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நான் கணக்குக்காரி. ஒரு நாவலுக்கு விலை 400 ரூபாய், ராயல்டி வழக்கமாகப் பேசுகிற 10 சதவீதம், விற்றது 300 பிரதி என்று வையுங்கள். கைக்கு வருவது 12,000. எழுத இரண்டு வருஷம் ஆனால் மாதத்துக்கு 500 ரூபாய். மண்டியில் சாக்குத் தைக்கிற அக்காவிடம் இதைச் சொன்னேன். "மாசத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, பாவம், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சம்பளத்தில் இருந்துகொண்டே நாவல் எழுதியதற்கு உதாரணம் தேடி மதுரைக்காரர்கள் வெளியூர் போக வேண்டாம். ப. சிங்காரம் இருக்கிறார். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் இருக்கிற மேடானுக்குப் பிழைக்கப் போய், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் திரும்பி, இங்கே தினத்தந்தியில் வேலை பார்த்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தார். 'கடலுக்கு அப்பால்' 1959இல் புத்தகமானபோது அவருக்கு 39 வயது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தபோது 52. எழுதி முடித்த பிறகும் பத்து வருஷம் போல அது அச்சுக்குக் காத்துக் கிடந்தது. வந்தபோதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது நாவல் அவர் எழுதவேயில்லை. 1997இல் போய்ச் சேர்ந்தார். இதைப் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாட எனக்கு மனசு வராது. அநியாயம் அநியாயம்தான். ஆனாலும் அந்தப் பத்து வருஷமும் அவர் பட்டினி கிடக்கவில்லை, பத்திரிகைச் சம்பளம் இருந்தது. இன்னொரு பக்கம் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன். 'கோபல்ல கிராமம்' 1976இல் வரும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அவரைக் காட்டி "பாரு, அவரும் லேட்டுத்தான்" என்று ஆறுதல் தேடுகிறவர்கள், அதற்கு முன்னாலேயே பல வருஷம் சிறுகதையில் அவர் கை பழகியிருந்ததை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சம்பளம் வாங்குகிற நமக்கு அவசரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. இந்த அவசரத்தை வைத்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ரிட்டயர்மெண்ட் பணத்தில் 60,000 எடுத்துக் கொடுத்துப் புத்தகம் போட்டார். மெய்ப்புப் பார்த்தவர் எவருமில்லை. நூறாவது பக்கத்துக்கு மேல் கதாநாயகிக்கு வேறு பெயர். 300 பிரதியும் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இப்போதெல்லாம் பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைக்கு ஏற்ப அச்சடிக்கும் முறையில், ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். சொந்தக் காசில் அச்சடிப்பது பாவமில்லை. ஆனால் நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு, "உங்க படைப்பைத் தேர்வு செஞ்சிருக்கோம்" என்று வாழ்த்துச் சொல்கிறவர் பதிப்பாளர் இல்லை. ரசீதில் அச்சுக் கூலி என்று எழுதச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

நேரம் இல்லை என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 300 சொல், வாரம் ஐந்து நாள். வருஷத்துக்கு 78,000. கனமான நாவலே ஆயிற்று. அடித்துத் திருத்த இன்னொரு வருஷம் போகட்டும். நான் பால் வருவதற்கு முன் எழுந்து எழுதுகிறேன். வீட்டில் ஆண் எழுதினால் "அப்பா எழுதுறாரு, சத்தம் போடாத." நான் எழுதினால் "சும்மாதான உக்காந்திருக்க, அந்தத் தேங்காயைத் துருவு." இதற்குத் தனிப் பதிவு உண்டு.

என் நாவல் எப்போது வரும் என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: ஜனவரி சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வராது. இங்கே மதுரை தமுக்கத்துப் புத்தகத் திருவிழாவுக்கும் வராது. முடியும்போது முடியும்.

உண்மையிலேயே நடுவயதுக்காரரின் கையைப் பிடிப்பது சொந்தபந்தம்தான். இருபது வயதுப் பையன் யாரைப் பற்றியும் எழுதிவிட்டு ஊரை விட்டுப் போய்விடலாம். நமக்குச் சம்பந்தி வீடு, காதுகுத்து, எழவு என்று எல்லா இடத்திலும் அதே முகங்கள். பெயரை மாற்றினாலும், ஊரை உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எழுதுவது தெரிந்ததும் போனில் வந்த முதல் ஆள் எங்கள் சித்தி. நாத்தனார் அடகு வைத்து மூழ்கிப்போன சங்கிலி விஷயத்தை எடுத்துவிடுவேனோ என்று பயம். எடுத்துத்தான் ஆகவேண்டும், நாவலே அதில்தான் நிற்கிறது என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "எழுதுறதுன்னா எழுதிக்க. ஆனா ஏண்டி, எட்டுப் பவுனை அஞ்சுன்னு குறைச்சு எழுதிராத."