புது டிவியில் கோடு தெரிந்தால் ரீசெட் வேண்டாம், மெனுவைத் திறந்து பாருங்கள்

புது டிவி வாங்கிய முதல் வாரத்திலேயே திரையில் கோடு, கறை, மினுக்கல் என்று ஏதாவது தெரிந்தால், கஸ்டமர் கேரில் என்ன சொல்வார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் மனப்பாடம். "பிளக்கைக் கழற்றிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க சார். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க. அதுலயும் சரியாகலன்னா ஃபேக்டரி ரீசெட்." இந்த மூன்றும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது, வைஃபை பிடிக்காதது, படம் உறைந்து நிற்பது, இதற்கெல்லாம் இதுதான் மருந்து. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடுகிறது என்று சொல்கிறவரிடமும் அதே மூன்றையே ஒப்பித்து, அப்டேட் இறங்கட்டும், நாளைக்குக் கூப்பிடுங்கள், ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று இழுக்கிறார்களே, அதுதான் எரிச்சல். பேனலில், அதாவது படம் காட்டும் திரைப் பாகத்தில், இருக்கும் கோளாறு ரீசெட்டில் போகாது. போவது கடைக்காரர் மாற்றித் தரும் அவகாசம்தான்.

அந்த அவகாசம் எவ்வளவு என்று பில்லின் பின்பக்கத்தில் பாருங்கள். பெரும்பாலும் சில நாட்கள்தான் இருக்கும். அதற்குள் சொன்னால் வேறு டிவி கேட்கலாம். தாண்டிவிட்டால் விஷயம் கம்பெனி வாரன்டிக்குப் போய்விடும், வாரன்டி என்றால் முதலில் ரிப்பேர்தான். அதனால் முதல் சில நாட்களில் நம் வேலை டிவியைச் சரிசெய்வது கிடையாது. கோளாறு டிவிக்கு உள்ளேயா, வெளியேயா என்று தெரிந்துகொள்வது மட்டும்தான். அதற்கு டிவியின் ரிமோட் போதும்.

அண்ணன் வீட்டில் புது டிவி வந்த சில நாளில் இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெல்லிய பச்சைக் கோடு. அவர் செட்டாப் பாக்ஸைத் தட்டுவதும் கேபிளைப் பிடுங்கி மாட்டுவதுமாக இருந்தார். போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்க. மெனு இடதுபக்கம் வந்து நிக்கும். கோடு அதுக்கு மேலேயும் ஓடுதா பாருங்க." அண்ணி போனை வாங்கிப் பதில் சொன்னார்: "பிரைட்னஸ்னு எழுதியிருக்கே, அந்த எழுத்தையே ரெண்டா வெட்டிக்கிட்டுப் போகுது தம்பி." அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. டிவியின் மெனு கேபிள் வழியாக வருவதில்லை, டிவி தானே வரைவது. கோடோ மினுக்கலோ மெனுவையும் சேர்த்துக் கெடுத்தால் கோளாறு டிவிக்குள். மெனு பளிச்சென்று இருந்து அதன் பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால், செட்டாப் பாக்ஸ், கேபிள், டிவியில் அந்தக் கேபிளைச் செருகிய ஒரு போர்ட், அல்லது வருகிற ஒளிபரப்பு, இவற்றில் ஒன்று. பல டிவிகளில் சப்போர்ட் என்ற பகுதிக்குள் படச் சோதனை என்று ஒன்று உண்டு, டிவிக்குள்ளேயே சேமித்து வைத்த ஒரு படத்தைக் காட்டும். அதிலும் கோடு தெரிந்தால் கஸ்டமர் கேரிடம் அதையே சொல்லுங்கள். ஃபேக்டரி ரீசெட் பேச்சு அங்கேயே அடங்கும்.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் ரீசெட் மேல் இருக்கும் நம்பிக்கை தானாகவே போய்விடும். 4கே திரையில் குறுக்காக 3840 பிக்சல்கள், அதாவது படப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்பிக்சல்கள். கணக்குப் போட்டால் 11,520 நெடுவரிசைகள். இவற்றுக்கான மயிரிழைத் தடங்கள் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து, சிப் பதித்த மெல்லிய ஃபிலிம் பட்டைகளோடு இணைகின்றன. சால்டர் கிடையாது, மின்கடத்தும் ஒரு பசைப்படலத்தை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். ஒரு தடம் தொடர்பு விட்டால் ஒற்றைக் கோடு. ஒரு ஃபிலிம் பட்டையே விட்டால் திரையில் கையகலத்துக்கு ஒரு பகுதி கறுப்பாகவோ வெளிறியோ போகும். லாரியில் வாங்கிய குலுக்கலில் அரைகுறையாக விட்ட இணைப்பு, டிவி சூடானதும் ஒட்டிக்கொண்டு கோடு மறையவும் செய்யும். "அப்டேட் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்று பலர் நிம்மதி அடைவது இப்படித்தான். மறுநாள் காலை டிவியைப் போட்டதும் கோடு பழைய இடத்தில் நிற்கும். அதனால் வீடியோ எடுப்பதாக இருந்தால் டிவி ஆறியிருக்கும்போது, போட்ட உடனே எடுங்கள். ஓரத்தை விரலால் அழுத்தினால் கோடு போகிறது என்று இணையத்தில் சிலர் செய்து காட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், விரிசல் விட்டால் பழி உங்கள் மேல்தான் வரும்.

விரிசல் என்றதும் இன்னொன்று. மை கொட்டியது போன்ற கறையும் அதிலிருந்து கிளம்பும் வெடிப்புக் கோடுகளும் தெரிந்தால் உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் வழவழவென்றே இருக்கும். பெரிய டிவியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தாலோ, தூக்கும்போது திரையின் நடுவில் கை அழுந்தினாலோ இது நடக்கும். இங்கேதான் பெரிய சண்டை. உடைசல் வாரன்டியில் சேராது, நீங்கள்தான் இடித்திருப்பீர்கள் என்பார்கள். பெட்டியின் சீலைக் காட்டி, பிரிப்பதிலிருந்து முதல் படம் தெரிவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் சண்டையில் வாய் இருக்கும். பொருத்த வந்தவர் சுவரில் துளை போடுவதற்கு முன் டிவியை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதெல்லாம் நம் கவலை இல்லை.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஆவி மாதிரி மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் வேலை செய்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. இது எல்சிடி வகைக்குத்தான். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது.

மெனு சுத்தமாக இருந்து படம் மட்டும் கெட்டால், முதலில் நான் சந்தேகப்படுவது கேபிளை. புது டிவிக்குப் பழைய கேபிளை மாட்டியிருப்போம். 4கே படம் விநாடிக்கு 60 ஃபிரேம் வீதம் வர விநாடிக்கு சுமார் 18 கிகாபிட் தாங்க வேண்டும், 2013-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0 என்ற இணைப்புத் தரம் அதற்காகத்தான். 2017-இல் வந்த 2.1 அதை 48 கிகாபிட் வரை கொண்டுபோனது. பழைய டிவியில் முழு ஹெச்டிக்கு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கேபிள் இங்கே திணறும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொறி பறக்கும், அல்லது ஓரிரு விநாடி கறுப்பாகிப் படம் திரும்ப வரும். கேபிள், போர்ட், பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் பேச வேண்டும். கோளாறு என்று அவர்களுக்கு வரும் அழைப்புகளில் செட்டிங்ஸ் விவகாரமும் ஏராளம். வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறது என்றால் மின்சிக்கன அமைப்பையும் அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சாரையும் பாருங்கள், பல டிவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அவை ஆன் ஆகித்தான் வருகின்றன. சினிமா எல்லாம் சீரியல் மாதிரித் தெரிகிறது என்றால் அது இல்லாத ஃபிரேம்களை இட்டு நிரப்பும் வேலை. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுநடுவே டிவி தானாகப் படம் வரைந்து செருகுகிறது. இதை அணைக்க மெனுவில் தேடி அலுத்தவர்களுக்காகவே 2019-இல் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்றை அறிவித்தார்கள். டிவியில் அது இருந்தால் ஒரே அமுக்கில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரை இணைத்தால் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், கறுப்பிலிருந்து வெள்ளை வரையான அளவை ஒரு பக்கம் 0 முதல் 255 வரை என்றும் மறுபக்கம் 16 முதல் 235 வரை என்றும் வைத்திருப்பது. ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டால் படத்தின் அளவு அமைப்பைத் திரைக்கு அப்படியே பொருந்துவதாக மாற்றினால் சரியாகும். போனில் வீடியோ எடுத்தால் மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், பேக்லைட் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து எரிவதை கேமரா பிடிக்கிறது. அந்த வீடியோவை அனுப்பிப் புகார் கொடுத்தால் நம் நியாயமான புகாரும் சேர்ந்து அடிபடும்.

ஒற்றைப் புள்ளி விஷயத்தில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். அவற்றில் சில செத்திருந்தால் அது குறையே இல்லை என்று பல கம்பெனிகள் தங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. பிக்சல் குறைகளை வகுப்பு பிரித்து எண்ணிக்கை வைக்கும் ஐஎஸ்ஓ தரநிலையும் இருக்கிறது. வாரன்டியில் போய் ஒரு புள்ளிக்காக வாதாடினால் அந்த விதியைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஆகவே நடுத்திரையில் உறுத்தும் புள்ளி இருந்தால் கடை மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே கேளுங்கள். ஆனால் உறுத்தாத குறையைத் தேடிப் போகாதீர்கள். சாம்பல் நிறச் சோதனைப் படத்தை இருட்டறையில் போட்டு, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தால் எந்த எல்சிடியிலும் மேகம் மாதிரி ஒரு மங்கலான திட்டு தெரியும். கிரிக்கெட்டோ சினிமாவோ பார்க்கும்போது கண்ணில் படாததைச் சோதனைப் படத்தில் கண்டுபிடித்து மூன்று டிவி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதிலும் அவர்களுக்கு மேகம் தெரிந்தது.

ஓஎல்இடி வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த டிவிகள் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, பிக்சல்களைச் சமன்செய்யும் வேலையைத் தாமாகச் செய்யும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைத்தால் அது நடக்காது.

சரி, கோளாறு உள்ளேதான் என்று உறுதியாகிவிட்டது. போனில் பேசுவதோடு நிற்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள். "சில சமயம் கோடு தெரிகிறது" என்று எழுதினால் மறுபடி ரீசெட்டில் கொண்டுபோய் விடுவார்கள். "எல்லா போர்ட்டிலும், டிவியின் மெனுவிலும், படச் சோதனையிலும் கோடு இருக்கிறது" என்று எழுதுங்கள். கூடவே பின்பக்க சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் படம், கோட்டின் வீடியோ. டெக்னீஷியன் வந்து போகும்போது ஒரு தாளிலோ போனிலோ கையெழுத்து கேட்பார். அதற்கு முன் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். பேனல் கோளாறு என்று இருந்தால் கையெழுத்துப் போடலாம். செட்டிங்ஸ் சரிசெய்யப்பட்டது என்று இருந்தால் போடாதீர்கள், போட்டால் புகார் அன்றே முடிந்துபோனதாகக் கணக்கு.

அப்புறம், "வீட்டுக்கே வந்து பேனல் மாத்தித் தர்றோம்" என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். டிவியின் விலையில் பெரும்பங்கு அந்தப் பேனல்தான். தூசில்லாத அறையில் கோர்த்ததை நம் வீட்டுக் கட்டிலில் கவிழ்த்துப் பிரித்து, உள்ளே வெளிச்சத்தைப் பரப்பும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வேறொன்றைப் பொருத்துவார்கள். ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் வெள்ளைக் காட்சி வரும்போதெல்லாம் கண்ணில் குத்தும். மூன்று வருஷம் ஓடிய டிவிக்கு அது சரி. நேற்று வந்த டிவிக்கு எதற்கு? அவகாசம் இருக்கும்வரை முழு டிவியையும் மாற்றித் தாருங்கள் என்பதிலிருந்து இறங்காதீர்கள். அண்ணன் இறங்கவில்லை, வேறு டிவி வந்தது. அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வீட்டை அடைக்கிறது என்று முதல் நாளே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். திரும்ப எடுக்க வருகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான்.